உயர்திணையில் ஓர் இடம்

தமிழிலக்கணம் கற்கத் தொடங்கும் எவரும் முதற்கண் அறிந்துகொள்வன திணையும் பாலும் ஆகும். உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்த நம் முன்னோர், உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாகவும், அஃறிணையை ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டாகவும் வகுத்தனர். இவ்வைந்து பால்களும் மனப்பாடமாகிவிட்டால் இலக்கணத்தில் பாதி வந்துவிட்டதென்று நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் கூறுவார். ஆயினும் ஆண், பெண் என்னும் இரு சொற்களுள் எளிதில் அடங்காத மனிதரும் உலகில் உளர் என்பதை நம் இலக்கண நூலார் அறிந்தே இருந்தனர். அவர்களை எத்திணையில் வைப்பது, எச்சொல்லால் அழைப்பது என்னும் வினாவை அவர்கள் எழுப்பினர், விடையும் கூறினர். அவ்வினாவின் வரலாற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து எண்ணிப்பார்க்க விழைகிறேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். குழந்தை பிறந்தவுடன் உடலமைப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ எழுதுகிறோம். ‘நான் ஆண்’, ‘நான் பெண்’ என்று ஒருவர் தம் உள்ளத்தில் உணர்வது வேறொன்று. அதனைப் பாலின அடையாளம் என்பர். பெரும்பாலோர்க்கு இவ்விரண்டும் ஒத்துச் செல்லுதலின் அவர்கள் இதனைப் பற்றி நினைப்பதே இல்லை. சிலர்க்கு இவை ஒத்துச் செல்வதில்லை. ஆணென்று எழுதப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண்ணென்று எழுதப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவரையும் ஒருங்கே சுட்டும் சொல் திருநர். ஆண், பெண் என்னும் இரண்டனுள் எதிலும் தம்மை அடக்காதவரும் உளர். பிறப்பிலேயே உடலமைப்பு இருபாலுக்கும் பொதுவாய் அமைந்தோர் இடைப்பாலினத்தவர் எனப்படுவர். ஒருவர் யார்மீது அன்பும் நாட்டமும் கொள்கிறார் என்பது இவையனைத்தினும் வேறான செய்தி. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம்மவரிடம் காணப்படும் முதற்பிழையாகும்.

இது நோயன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தி வெளியிடும் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019-ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அப்பதிப்பில் இந்நிலை மனநோய்கள் என்னும் பகுதியிலிருந்து அறவே நீக்கப்பட்டது.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில், திணையையும் பாலையும் கூறியவுடனேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரைப் பற்றிப் பேசுகின்றார். அப்பெயருக்கெனத் தனியே பால்காட்டும் ஈறு இல்லை. அஃது உயர்திணைக்குரிய ஈறுகளையே ஏற்று வரும் என்பது அவர் கருத்து. அதே நூற்பாவில் அவர் உடன்வைத்துச் சொல்லும் மற்றொன்று யாது தெரியுமா? தெய்வத்தைக் குறிக்கும் பெயர். தெய்வப் பெயருக்கும் இவர்கள் பெயருக்கும் ஒரே விதி. பின்னும் ஒரு நூற்பாவில், அவ்வாறு திரிந்தோரை ஆண்பாற் சொல்லால் சுட்டுதல் பொருந்தாது என்றும் அவர் வரையறுத்தார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இதனை மேலும் விளக்கினார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புவோர் பெண்பால் என்பது பெயரியலில் அவர் வகுத்த விதி. இங்கே உற்று நோக்கத்தக்க சொல் ‘விரும்புவோர்’ என்பதாகும். ஒருவர் எப்பாலினர் என்பதற்கு அவர்தம் உள்ளத்து விருப்பத்தையே பவணந்தியார் அளவுகோலாகக் கொண்டார்.

இவ்விடத்தில் உண்மையை மறைத்துப் பழம்பெருமை மட்டும் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று பவணந்தியார் ஒரு வாயிலைத் திறந்துவைத்தார். திருக்குறளில் பேடியின் கையிலுள்ள வாள் பயனற்றதற்கு உவமையாக வருகிறது. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடல்களுள் பேடியாடலும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்தார் வீதியில் நின்று பேடிக்கோலக் கூத்தினை வேடிக்கை பார்க்கின்றனர். ஆகவே பழந்தமிழகம் இம்மக்களை அறிந்திருந்தது; இலக்கணத்தில் இடமும் தந்தது; ஆயின் வாழ்க்கையில் பெரும்பாலும் கூத்துக்கும் பழிப்புக்கும் உரியவராகவே கண்டது. ஏட்டில் உயர்திணை, வீதியில் வேடிக்கை. இம்முரண்பாடு இன்றுவரை நம்மோடு தொடர்ந்து வருகிறது.

இவர்களுடைய சமய வாழ்வும் நாம் அறியத்தக்கது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. பாரதப் போரில் களப்பலியாக ஒப்புக்கொண்ட அரவான், சாவதற்குமுன் மணம் செய்துகொள்ள விரும்பினான் என்றும், கண்ணன் மோகினி வடிவெடுத்து அவனை மணந்தான் என்றும் ஊரார் கதை கூறுவர். ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் திரளாகக் கூடித் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவானுக்காகத் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்து அழுவர். அரவானின் பெயரைக்கொண்டே அவர்களுக்கு அரவாணி என்னும் பெயர் வழங்கிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிகழ்ந்தது வேறு கதை. இலக்கணம் இவர்களைச் சொல்லாகக் கண்டது. காலனியரசோ குற்றவாளியாகக் கண்டது. 1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவு என்று அவர்கள் கருதியதைக் கடுங்குற்றமாக்கிற்று. 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரையினர் சட்டம் வந்தது. அதன் கொடுமையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்ததைப் பலர் அறியார். வட இந்திய மாகாணங்களில் வாழ்ந்த இம்மக்களைப் பற்றியதே அப்பகுதி. குழந்தைகளைக் கடத்துவர் முதலான ஐயத்தின்பேரில் அவர்கள் பெயர், உறைவிடம், உடைமை ஆகியவற்றை அரசாங்க அலுவலர் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தனர். அவ்வேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடையோ அணிகலனோ பூண்டு பொது இடத்தில் தோன்றினாலும், ஆடிப்பாடினாலும் பிடியாணையின்றியே கைதுசெய்யலாம், ஈராண்டுவரை சிறையிலிடலாம். அவர்கள் குழந்தையைத் தத்தெடுக்கவோ, சிறுவர்க்குக் காப்பாளராக இருக்கவோ, தம் பொருளுக்கு உயிலெழுதவோ இயலாது.

எண்ணிப்பாருங்கள். களவு செய்ததற்கன்று, ஒரு புடவை உடுத்ததற்குச் சிறை. 1911-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தில் இப்பகுதி இடம்பெறவில்லை. ஆனால் சட்டம் நீங்கிய வேகத்தில் சந்தேகம் நீங்கிவிடுமா? வீட்டாரும் ஊராரும் காவலரும் இவர்களைப் பார்க்கும் பார்வையில் அப்பதிவேட்டின் நிழல் நெடுங்காலம் படிந்திருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பள்ளி விண்ணப்பம், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என எதனை எடுத்தாலும் இரண்டே கட்டங்கள். இரண்டிலும் அடங்காதவர் ஏட்டிலேயே இல்லாதவர் ஆனார்.

குற்றவாளிகளின் ஏட்டிலிருந்து குடிமக்களின் ஏட்டிற்கு இவர்கள் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தமிழ்நாடு அரசு 2008-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் இவர்களுக்கென நல வாரியம் ஒன்றை நிறுவியது. இந்தியாவில் இத்தகைய முதல் வாரியம் அதுவே. தொடக்கத்தில் அரவாணிகள் பெயரால் வழங்கிய அவ்வாரியம் பின்னர்த் திருநங்கைகள் நல வாரியமாயிற்று. ‘திரு’ என்னும் மதிப்புச் சொல்லும் ‘நங்கை’ என்னும் அன்புச் சொல்லும் இணைந்த இப்பெயர், அதற்குமுன் வழங்கிய இழிசொற்களை அரசாங்க ஏட்டிலிருந்து அகற்றியது. ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்பாரும் உண்டு. வசைச்சொல்லால் அழைக்கப்பட்டவரைக் கேட்டால், ஒரு சொல்லால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்வார்.

2009-ஆம் ஆண்டு தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ஆண், பெண் அல்லாத மூன்றாவது பிரிவுக்கு இடமளித்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ‘மற்றவர்’ என்னும் தலைப்பில் இவர்கள் முதன்முறையாக எண்ணப்பட்டனர். இந்தியா முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டாருக்கு அஞ்சி வெளியே சொல்லாதவர் இக்கணக்கில் வந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் கருதுக.

வாரியம் பிறந்து சரியாக ஆறாண்டு நிறைந்த நாளில், 2014 ஏப்பிரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு பெருந்தீர்ப்பை வழங்கிற்று. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த அவ்வழக்கில் நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்வது அரசியலமைப்பு வழங்கும் உரிமை என்றனர். அதற்கு அறுவை மருத்துவத்தை நிபந்தனையாக்குதல் கூடாது என்றும் கூறினர். பவணந்தியார் ‘விரும்புவோர்’ என்று சொன்னதை எழுநூறு ஆண்டுகட்குப்பின் நீதிமன்றம் உரிமையின் மொழியில் சொல்லியது என்று தமிழாசிரியனாகிய எனக்குத் தோன்றிற்று. இலக்கண நூல் சொல்லுக்கு விதி வகுத்தது. தீர்ப்போ மனிதருக்கு உரிமை வழங்கியது. இவ்வேற்றுமையையும் மறத்தலாகாது.

இவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் அவருக்குரிய கட்டம் இல்லை, விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் மனம் தளராது சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. 2017-ஆம் ஆண்டு அவர் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். எம்மக்களைப் பதிவேட்டில் எழுதிக் காவலர் துரத்தினரோ, அம்மக்களுள் ஒருவர் அக்காவல் துறையின் சீருடையையே அணிந்தார். நடுவில் நின்ற தடை ஒரு தாளில் இல்லாதிருந்த ஒரு கட்டம்தான்.

2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய அளவில் 377-ஆம் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டி வந்த வழக்கு அது. தமக்கு இப்பொருளில் போதிய அறிவு இல்லை என்பதை அந்நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அதன் பின்னரே சூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். இத்தகையோரை ‘மாற்றுவதாக’ச் சொல்லிச் செய்யும் மருத்துவத்தை அவ்வாணை தடைசெய்தது. பள்ளி, கல்லூரிகளில் எப்பாலினரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை அமைத்தல், சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் திருத்த வழி செய்தல், விண்ணப்பங்களில் உரிய கட்டம் சேர்த்தல் ஆகியவற்றையும் அது வலியுறுத்தியது.

தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் அமர்ந்தவரே ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொன்னார். அச்செய்தியைப் படித்த அன்று என் நெஞ்சில் பழைய நினைவொன்று எழுந்து உறுத்தியது. அதனை உங்களிடம் மறைக்காமற் சொல்லுவேன்.

நான் தமிழாசிரியனாகப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ப் பள்ளியின் மேனிலை வகுப்பில் ஒரு மாணவர் பயின்றார். ஆண்கள் வரிசையில் பெயர். குரல் மென்மை, நடை மென்மை, கையெழுத்து முத்துப் போன்றது. உடன் பயின்றோர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தனர். வருகைப் பதிவேட்டைத் திறந்து அவர் பெயரை நான் படிக்கும்போதெல்லாம் பின்வரிசையில் அப்பட்டப்பெயர் மெல்லிய குரலில் எழும், வகுப்புச் சிரிக்கும். நான் சிரித்ததில்லை. ஆனால் அதட்டியதும் இல்லை. ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, “ஆண்பிள்ளையாய்ப் பிறந்துவிட்டு இப்படி நடக்கலாமா? நீ மாறிக்கொண்டால் அவர்கள் சும்மா இருப்பார்கள்” என்று அறிவுரை கூறினேன். நல்லது செய்ததாகவே எண்ணிக்கொண்டேன். அவர் தலைகுனிந்து, “சரிங்க ஐயா” என்றார்.

அரையாண்டுத் தேர்வுக்குப்பின் அவர் வரவில்லை. சில வாரம் பொறுத்து, நீண்ட நாள் வராமை எனக் குறித்து, சிவப்பு மையால் அவர் பெயரை நானே அடித்தேன். அந்த ஆண்டு அவ்வகுப்புக்கு நன்னூற் பெயரியலை நடத்தியவனும் நானே. பேடு பற்றிய நூற்பாவைத் தேர்வுக்கு வேண்டாததென்று தள்ளிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போனதும் நினைவிருக்கிறது. அந்த நூற்பாவின் உயிருள்ள பொருள் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தது. அன்று அவரை ‘அவன்’ என்றே எழுதினேன், பேசினேன். வேறெவ்வாறு அழைக்கலாம் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எங்கே சென்றார், என்னவானார் என்பதை நான் அறியேன்.

மாணவ நண்பர்களே, ஏடுகள் மூன்றினைப் பற்றி இதுவரை சொன்னேன். இலக்கண ஏடு இம்மக்களுக்கு உயர்திணையில் ஓர் இடம் தந்தது. காலனியரசின் பதிவேடு அவ்விடத்தைப் பறித்தது. நீதிமன்றமும் அரசாங்கமும் அவ்விடத்தைச் சிறிது சிறிதாக மீட்டுத் தந்துள்ளன. ஆனால் ஒருவர் நாள்தோறும் கேட்பது தீர்ப்பின் சொற்களை அல்ல. காலையில் வகுப்பில் தம் பெயர் படிக்கப்படும் ஓசையைத்தான். நான் அடித்த பெயரை எந்தச் சட்டமும் அடிக்கச் சொல்லவில்லை. சட்டம் வராத காலத்திலும் ஓர் ஆசிரியனும் நாற்பது மாணவரும் நினைத்திருந்தால் அப்பெயர் ஏட்டில் நின்றிருக்கும்.

ஆதலின் உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்களோடு பயில்பவர் எந்தப் பெயரால் தம்மை அழைக்கச் சொல்கிறாரோ அப்பெயரால் அழையுங்கள். ஐயமிருந்தால் தனியே, பணிவாகக் கேளுங்கள். சொல்ல விரும்பாதவரைத் துருவாதீர்கள். உங்களை நம்பி ஒருவர் சொன்னதை அவர் இசைவின்றிப் பிறர்க்கு, அவர்தம் பெற்றோர்க்குங்கூட, வெளியிடாதீர்கள். அது சிலருடைய உயிருக்கே கேடாக முடியும். உடலைப் பற்றியும் மருத்துவத்தைப் பற்றியும் கேள்வி கேட்பது உங்களிடம் ஒருவர் கேட்டால் எப்படியிருக்குமோ அப்படியே அவர்க்கும் இருக்கும். பட்டப்பெயர் எழும்போது சிரிக்காமலிருப்பது மட்டும் போதாது. நான் அவ்வளவோடு நின்றவன். “வேண்டாம், நிறுத்து” என்று ஒரு குரல் எழவேண்டும். விளையாட்டுக் குழுவிலும், உணவு வேளையிலும், சுற்றுலாப் பேருந்திலும் பக்கத்தில் ஓர் இருக்கை அவருக்கென இருக்கவேண்டும். கழிப்பறைக்குச் செல்ல அஞ்சி நாள்முழுதும் தண்ணீர் பருகாத பிள்ளை நம் பள்ளியில் உண்டா என்று ஆசிரியரும் தலைமையாசிரியரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாளை உங்களுள் பலர் ஆசிரியராவீர்கள், அலுவலராவீர்கள், மருத்துவராவீர்கள். உங்கள் கையில் ஓர் ஏடும் ஒரு பேனாவும் இருக்கும். எதிரில் ஒருவர் வந்து நிற்பார். பெயரும் பாலும் எழுதுமுன் ஒரு கணம் நின்று, “உங்களை எவ்வாறு எழுதிக்கொள்ளட்டும்?” என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.